வேலை நின்றது, ஆறு மீளவில்லை: ஆபர்ன் பள்ளத்தாக்கு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவிலிருந்து வடகிழக்கே சுமார் 55 கி.மீ. போனால் சியரா நெவாடா மலையடிவாரத்தில் ஆபர்ன் என்ற சிற்றூர் வரும். ஊருக்குக் கீழே, செங்குத்தான பள்ளத்தாக்குக்குள் அமெரிக்கன் ஆற்றின் வடகிளையும் நடுக்கிளையும் கூடுகின்றன. கூடுதுறைக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய அணை கட்ட 1965இல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. அந்த அணை எழவேயில்லை. அது மூழ்கடித்திருக்கும் பள்ளத்தாக்கில் இன்று 160 கி.மீ.க்கு மேல் நடைபாதைகளும் குதிரைப் பாதைகளும் மிதிவண்டித் தடங்களும் இருக்கின்றன. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்துபோகிறார்கள்.

மக்கள் எதிர்த்தார்கள், அணை நின்றது, ஆறு பிழைத்தது என்றுதான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. நடந்தது அவ்வளவு நேர்க்கோடானது இல்லை. அணைக்குத் தடை போட்ட நிலநடுக்கம் 1975இல் வந்தது. ஆறு தன் சொந்தப் படுகைக்குத் திரும்பியது 2007இல். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் பள்ளத்தாக்கு அணையாகவும் இல்லை, ஆறாகவும் இல்லை. ஒரு திட்டத்தை நிறுத்துவது ஒரு வேலை, ஆற்றைக் காப்பது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய தனி வேலை என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. அதற்காகவே இதைப் பதிவு செய்கிறோம். சம்பந்தப்பட்ட அதிகாரிகள், பொறியாளர்கள், ஊர்க்காரர்கள் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

பின்னணி: இடமும் திட்டமும்

அமெரிக்கன் ஆற்றுக்கு மூன்று கிளைகள். தென்கிளைக் கரையில் கொலோமா என்ற இடத்தில் 1848 ஜனவரியில் தங்கம் கிடைத்ததுதான் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக்குத் தொடக்கம். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தப் பள்ளத்தாக்குகள் நிசெனான் பழங்குடியினரின் வாழிடம். தங்கம் தேடி வந்தவர்கள் மலைச்சரிவுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். அந்தச் சேறும் கல்லும் கீழே போகாமல் தடுக்க 1939இல் ராணுவப் பொறியாளர் பிரிவு வடகிளையில் 155 அடி உயரத்தில் ஒரு தடுப்பணை கட்டியது. அதன் பின்னே தேங்கியிருப்பதுதான் இன்றைய கிளெமெண்டைன் ஏரி.

மூன்று கிளைகளின் நீரும் சேரும் இடத்தில் 1950களில் ஃபோல்சம் அணை வந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 42 டி.எம்.சி. சாக்ரமெண்டோவை வெள்ளத்திலிருந்து காக்க இது போதாது, பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் இன்னும் நீர் வேண்டும் என்ற கணக்கில் பிறந்ததுதான் ஆபர்ன் திட்டம். கொள்ளளவு 23 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது கிட்டத்தட்ட 100 டி.எம்.சி. மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் அளவு புரியும். அணையின் உயரம் 685 அடி. நம் பக்கத்து இடுக்கி அணையைப் போல இரட்டை வளைவு கொண்ட மெல்லிய கான்கிரீட் அணை. ஆனால் இடுக்கி 555 அடிதான். இரு கிளைகளிலும் சேர்த்து சுமார் 77 கி.மீ. ஆறு நீருக்குள் போயிருக்கும்.

1960களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. பொறுப்பு, மத்திய அரசின் நீர்வளத் துறையான பியூரோ ஆஃப் ரெக்லமேஷனிடம் இருந்தது. அணை கட்ட ஆற்றுப்படுகை காய்ந்திருக்க வேண்டும். அதற்காக மலையைக் குடைந்து 33 அடி விட்டத்தில் ஒரு திருப்புச் சுரங்கம் போட்டார்கள். 1972இல் அது முடிந்தது. ஆற்றின் குறுக்கே 265 அடி உயரத்தில் தற்காலிக மண்ணணை எழுப்பி, நீரைச் சுரங்கத்துக்குள் திருப்பினார்கள். பள்ளத்தாக்கின் இரு சுவர்களிலும் அணையின் தோள்கள் உட்காருவதற்கான பெரிய வெட்டுகள் விழுந்தன. ஏரி நிரம்பினால் பழைய சாலை மூழ்கும் என்பதால் 1973இல் ஆற்றுக்கு மேலே 730 அடி உயரத்தில் ஃபாரஸ்ட்ஹில் பாலம் திறக்கப்பட்டது. அடியில் தேங்க வேண்டிய நீர் வரவேயில்லை. அதனால் இன்றும் அது கலிபோர்னியாவின் மிக உயரமான பாலமாக நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரிக்காக மத்திய அரசு பள்ளத்தாக்கின் நிலங்களை வாங்கிக் குவித்தது. அணை வரவில்லை, நிலம் அரசிடமே தங்கிவிட்டது. சுற்றிலும் வீட்டுமனைகள் பெருகிய காலத்தில் இந்தச் சரிவுகளில் ஒரு வீடுகூட எழாததற்கு முக்கியக் காரணம், பள்ளத்தாக்கை மூழ்கடிக்க வாங்கப்பட்ட இந்த நிலம்தான். பொறுப்பை மாநிலப் பூங்காத் துறை ஒப்பந்தத்தின்பேரில் ஏற்றது. ஆபர்ன் மாநிலப் பொழுதுபோக்குப் பகுதி உருவானது அப்படித்தான்.

1975: கவனித்தது என்ன

1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆபர்னிலிருந்து சுமார் 75 கி.மீ. வடமேற்கே ஓரோவில் அருகே 5.7 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அளவில் அது பெரியதில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் பொறியாளர்களை உலுக்கின. மலையடிவாரத்தில் ஓடும் நிலப்பிளவுத் தொகுதி செயலற்றது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். அதே தொகுதியில்தான் ஆபர்ன் அணை இடமும் இருந்தது. இரண்டாவது, ஓரோவில் அணையின் பெரிய ஏரி நிரம்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏரி நீரின் எடையும் பாறை இடுக்குகளில் இறங்கும் நீரழுத்தமும் நடுக்கத்தைத் தூண்டியிருக்கலாமோ என்ற கேள்வி எழுந்தது. ஆபர்னிலும் அதேபோல் ஓர் ஏரியைத்தான் நிரப்பப் போகிறார்கள்.

அணையின் வகையும் இங்கே முக்கியம். எடை அணை தன் கனத்தால் நீரைத் தாங்கும். வளைவு அணையோ நீரின் அழுத்தத்தை இரு பக்கப் பாறைச் சுவர்களுக்குக் கடத்திவிடும். அதனால் குறைந்த கான்கிரீட்டில் கட்ட முடிகிறது. ஆனால் அடிப்பாறையில் பிளவு நகர்ந்தால் அந்த வளைவின் ஆதாரமே போய்விடும். ஆகவே நிலம் எவ்வளவு வேகமாக அதிரும் என்பதைவிட, அணைக்கு நேர் அடியில் பாறை எத்தனை அங்குலம் நகரும் என்பதே தீர்மானிக்கும் கேள்வி ஆனது. சில அங்குலம் என்றது ஒரு தரப்பு. மூன்று அடி வரை போகலாம் என்றது இன்னொரு தரப்பு. இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு யாரும் வளைவு அணை கட்ட முடியாது.

1976 ஜூன் 5ஆம் தேதி ஐடஹோ மாநிலத்தில் அதே துறை கட்டிய டீட்டன் அணை முதல் முறை நிரம்பும்போதே உடைந்தது. அதன்பின் துறையின் உறுதிமொழியை அப்படியே ஏற்க எவரும் தயாராக இல்லை.

முதல் முடிவு: நிறுத்தி வைத்தல்

ஆய்வுகள் பல ஆண்டுகள் நடந்தன. வளைவு அணை வடிவம் கைவிடப்பட்டது. பாதுகாப்பான எடை அணை ஒன்றைக் கட்டலாம் என்று 1980இல் அறிவிப்பும் வந்தது. ஆனால் எடை அணைக்குக் கான்கிரீட் பல மடங்கு வேண்டும், செலவும் ஏறும். புதிய வடிவத்துக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கவில்லை. அடித்தள வெட்டோடு வேலை நின்றது.

நிறுத்தியது சரியான முடிவு. எப்படி நிறுத்தினார்கள் என்பதில்தான் பிழை. திட்டம் ரத்தாகவில்லை, "நிலுவையில்" என்று வைக்கப்பட்டது. நிலுவையில் இருக்கும் திட்டத்தின் சுரங்கத்தை மூட முடியாது, மண்ணணையை எடுக்க முடியாது, வெட்டிய சரிவைச் செப்பனிட முடியாது. நாளை வேலை தொடங்கினால் எல்லாம் வேண்டுமே! ஆக, ஆறு சுரங்கத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. படுகையில் ஏறத்தாழ ஒரு கி.மீ. நீளம் வறண்டு கிடந்தது. படகில் வருபவர் சுரங்க வாய்க்கு முன்பே கரை ஏறியாக வேண்டும். தவறினால் அந்த இருட்டுக் குழாயே எமன். மாவட்டக் குடிநீர் அமைப்புக்கும் தொல்லை. அணைக்காக அவர்களுடைய நிலையான நீரேற்று நிலையம் 1970களில் அகற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் தற்காலிகப் பம்புகளை இறக்கி, மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிட வேண்டியிருந்தது.

1986: மண்ணணை உடைந்தது

1986 பிப்ரவரியில் பசிபிக் பெருங்கடலிலிருந்து அடுத்தடுத்து வந்த மழைமேகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் கொட்டின. சுரங்கம் கடத்தக்கூடிய அளவைவிட வரத்து அதிகமானது. மண்ணணைக்குப் பின்னே நீர் ஏறியது. 18ஆம் தேதி அது மேலே வழிந்தது. இப்படி நடந்தால் அணை ஒரே அடியாக இடியாமல் படிப்படியாக அரிக்கப்பட வேண்டும் என்று ஒரு பகுதியை வேண்டுமென்றே மென்மையான மண்ணால் கட்டியிருந்தார்கள். அந்தப் பகுதிதான் முதலில் அரித்தது. சில மணி நேரத்தில் வாய் அகன்று, தேங்கியிருந்த நீர் ஃபோல்சம் ஏரிக்குள் பாய்ந்தது. அளவு சுமார் 1 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது 4 டி.எம்.சி.க்கு மேல்.

ஃபோல்சமோ ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நகரைக் காக்கும் கரைகள் வினாடிக்கு 1,15,000 கன அடிக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. அன்று 1,34,000 கன அடி வரை திறக்க வேண்டி வந்தது. கரைகள் தாங்கிக்கொண்டதால் நகரம் தப்பியது.

ஒரே நிகழ்விலிருந்து இரு தரப்பும் எதிரெதிர் முடிவுக்கு வந்தன. அணை இருந்திருந்தால் இந்த வெள்ளத்தைப் பிடித்திருக்கும் என்றனர் ஆதரவாளர்கள். அரைகுறையாக விட்ட கட்டுமானமே ஆபத்தைக் கூட்டியது என்றனர் எதிர்ப்பாளர்கள். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆற்றைக் காக்க நினைத்தவர்கள் பாராட்டுக்குரிய ஒன்றைச் செய்தது இந்தக் கட்டத்தில்தான். வெள்ள அபாயம் மிகைப்படுத்தப்பட்டது என்று அவர்கள் வாதாடவில்லை. சாக்ரமெண்டோவுக்கு வெள்ளப் பாதுகாப்பு நிச்சயம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு, ஆபர்ன் இல்லாமல் அதைத் தரும் வழி எது என்ற கேள்விக்கு வாதத்தை நகர்த்தினார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னொரு பெருமழை அவர்களைத் தோற்கடித்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

இரண்டாம் முடிவு: வெள்ளத்துக்கு வேறு வழி

1992இல் வெள்ளத்தை மட்டும் பிடித்துவிட்டு மற்ற நாட்களில் காலியாக இருக்கும் "வறண்ட அணை" ஒன்று நாடாளுமன்றத்தின் முன் வந்தது. நிராகரிக்கப்பட்டது. 1996இல் மறுபடியும் வந்தது. மறுபடியும் தோற்றது. ஏரி தேங்காதே, ஆறு ஓடத்தானே செய்யும் என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ள நாட்களில் நீர் பல நூறு அடி ஏறி வேகமாக இறங்கும். நனைந்து கனத்த சரிவு மண், தாங்கிய நீர் திடீரென விலகியதும் சரியும். ஓக் மரங்களின் வேர்கள் அழுகும். பாதைகளைப் போட்ட இடத்திலேயே மறுபடி போட வேண்டியிருக்கும்.

மாற்று வழி ஃபோல்சத்திலேயே இருந்தது. அங்கே பெரிய ஷட்டர்கள் அணையின் உச்சியருகே உள்ளன. அவற்றின் மட்டத்துக்கு ஏரி ஏறும் வரை, கீழே உள்ள சிறிய மதகுகள் வழியாக மட்டுமே நீரை விட முடியும். பெருமழை வருகிறது என்று முன்பே தெரிந்தாலும் இடத்தைக் காலி செய்ய வழியில்லை. இதற்குத் தீர்வாக, பழைய ஷட்டர்களைவிட 50 அடி தாழ்வான மட்டத்தில் 6 ஷட்டர்களுடன் ஒரு துணை உபரிநீர்ப் போக்கி கட்டப்பட்டது. 2017இல் முடிந்தது. ஏரி தாழ்ந்திருக்கும்போதே பெரிய அளவில் நீரைத் திறக்கலாம் என்பதால், அதே கொள்ளளவு இப்போது கூடுதல் வெள்ளத்தைத் தாங்குகிறது. நகரக் கரைகளுக்குள் நீர் கசியாத சுவர்கள் இறக்கப்பட்டன. அதனால் கரை உள்ளரிப்பில் உடையும் அபாயம் குறைந்தது, கூடுதல் நீரையும் விட முடிந்தது.

ஆபர்ன் அணைக்கான செலவை 2006இல் துறையே மறுபடி கணக்கிட்டபோது 600 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை வந்தது. ஃபோல்சம் வேலை அதில் ஒரு சிறு பங்கில் முடிந்தது.

மூன்றாம் முடிவு: ஆற்றைத் திரும்பக் கொண்டுவருதல்

சுரங்கத்தை மூடும் வேலைக்கு இறுதியில் வழி திறந்தது குடிநீர்த் தேவைதான். நிலையான நீரேற்று நிலையம் வேண்டுமென்றால் ஆறு நிலையான படுகையில் ஓட வேண்டும். மாநில அரசு சுரங்கத்தின் ஆபத்தைக் காட்டி அழுத்தம் கொடுத்தது. படகுக்காரர்களும் ஊர் அமைப்புகளும் சேர்ந்துகொண்டனர். இப்படி மூன்று தேவைகள் ஒரே வேலையில் கூடின. ஆற்றுப் பாதுகாப்பு மட்டும் காரணமாக இருந்திருந்தால் இந்தப் பணம் வந்திருக்காது.

2003இல் வேலை தொடங்கியது. மண்ணணையின் மிச்சமும் குவிந்த வண்டலும் அகற்றப்பட்டன. வறண்டு கிடந்த பகுதிக்குப் பாறைகளால் புதிய படுகை அமைக்கப்பட்டது. நீர் எடுக்கும் வாயில் மீன்கள் இழுபடாமலிருக்கத் தடுப்பு வலை வைத்தார்கள். நீரேற்று நிலையத்துக்கு நீர்மட்டம் குறிப்பிட்ட உயரத்தில் நிற்க வேண்டும், படகுகள் தடையின்றிப் போகவும் வேண்டும். குறுக்கே ஒரு சுவர் வைத்தால் முதல் தேவை நிறைவேறும், இரண்டாவது கெடும். எனவே பாறைகளைப் படிப்படியாக அடுக்கி, சிறு பாய்ச்சல்களாக நீரை இறக்கினார்கள். 2007 செப்டம்பரில் சுரங்க வாய் அடைக்கப்பட்டது. ஆறு தன் படுகையில் ஓடியது.

2008 டிசம்பரில் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம், ஆபர்ன் அணைக்காகக் கொடுத்திருந்த நீருரிமை அனுமதிகளைத் திரும்பப் பெற்றது. மேற்கு அமெரிக்க நீர்ச் சட்டத்தில் உரிமை வாங்கியவர் உரிய காலத்துக்குள் நீரைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். பயன்படுத்தாமல் பல பத்தாண்டு வைத்திருந்தால் உரிமை நிற்காது. நில அதிர்ச்சி ஆய்வுகளைவிட, தேர்தல்களைவிட, அணையை உறுதியாக முடித்துவைத்தது இந்த ஒரு ஆணைதான். நீருரிமை இல்லாத அணையில் எதைத் தேக்குவது?

இன்றைய பள்ளத்தாக்கு: பாதைகளும் பழக்கமும்

அணைப் பேச்சு ஓடிய ஆண்டுகளிலெல்லாம் மக்கள் இங்கே நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தார்கள். 160 கி.மீ. மலை ஓட்டப் போட்டியான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஆபர்னில் முடிகிறது. ஓட்டக்காரர்கள் கடைசிக் கட்டத்தில் கடப்பது 1912இல் சுண்ணாம்புக்கல் ரயிலுக்காகக் கட்டிய நோ ஹேண்ட்ஸ் பாலம். 1964 டிசம்பரில் மேலே கட்டிக்கொண்டிருந்த ஹெல் ஹோல் அணை உடைந்து வந்த வெள்ளம் அருகிலிருந்த நெடுஞ்சாலைப் பாலத்தை அடித்துச் சென்றது. இந்தக் கான்கிரீட் வளைவுகள் அசையவில்லை. தண்டவாளம் பிடுங்கப்பட்ட பாலத்தின்மேல் இப்போது நடந்து போகலாம்.

முதல் முறை வருபவர்க்கு மூன்று பாதைகள் போதும். கூடுதுறையிலிருந்து கிளெமெண்டைன் பாதை ஃபாரஸ்ட்ஹில் பாலத்தின் கீழாக வடகிளையோடு ஏறி, சுமார் 3 கி.மீ.யில் 1939ஆம் ஆண்டு அணையின் முழு அகலத்துக்கும் நீர் வழியும் காட்சியைக் காட்டும். நடுக்கிளையோடு போகும் குவாரிப் பாதை பழைய சுரங்க, ரயில் மட்டத்தில் கிட்டத்தட்ட சமதளமாக 9 கி.மீ. ஓடுகிறது. குழந்தைகளோடு வருபவர்க்கு ஏற்றது இதுதான். ஆபர்ன் ஊரிலிருந்து கூடுதுறைக்கு இறங்கும் ஸ்டேஜ்கோச் பாதை 3 கி.மீ.யில் சுமார் 800 அடி இறங்கும். இறங்குவது சுகம். திரும்பும்போது பிற்பகல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கோடையில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம் என்பதால் ஏற்றத்துக்கென்று ஆளுக்கு 2 லிட்டர் நீரை ஒதுக்கி வைக்க வேண்டும்.

கூடுதுறையில் முழங்கால் ஆழத்தில் நின்று பார்த்தால், கோடையில் ஒரு காலில் வெதுவெதுப்பும் மறுகாலில் குளிரும் தெரியும். வடகிளை பெரும்பாலும் தடையின்றி ஓடி வெயிலில் சூடாகி வருகிறது. நடுக்கிளையோ மேலே உள்ள பெரிய ஏரிகளின் ஆழத்திலிருந்து மின் நிலையங்கள் வழியாக வருகிறது. இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மின் உற்பத்திக்காக மேலே நீர் திறந்தால், மழைத்துளி விழாத நாளிலும் சில மணி நேரம் கழித்து இங்கே மட்டம் ஏறும். காலையில் கால் நனையக் கடந்து போய் நடுப்பாறையில் உட்கார்ந்தவர், பிற்பகலில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஆற்றைக் கடக்கும் முன் கரைக் கல் ஒன்றில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, அது அரை அடி ஏறினாலே திரும்பிவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களில் நிலைமை வேறு. பனி உருகி வரும் வடகிளை வேகமும் குளிரும் சேர்ந்து இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் குளிர் அதிர்ச்சியில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் அந்த மாதங்களில் இறங்கக் கூடாது.

பாதையோரம் எங்கும் இருப்பது பாய்சன் ஓக். மூன்று மூன்றாக இலை, ஓக் இலை போன்ற மடல், இலையுதிர் காலத்தில் சிவப்பு. மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் சேர்ந்த அதே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்பளிப்பது போலவே இதன் பிசினும் ஓரிரு நாளில் கொப்பளிக்க வைக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து குச்சி மட்டும் நிற்கும்போதும் பிசின் இருக்கும், பலர் ஏமாறுவது அப்போதுதான். பட்ட இடத்தைக் கூடிய சீக்கிரம் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். காலணிக் கயிறு, நாயின் ரோமம் இரண்டையும் மறக்கக் கூடாது. இதை விறகில் போட்டு எரித்தால் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

மலைச்சிங்கமும் கிலுகிலுப்பை விரியனும் இங்கே உண்டு. 1994 ஏப்ரலில் இந்தப் பகுதிப் பாதையில் தனியாக ஓடிய ஒரு பெண்ணை மலைச்சிங்கம் கொன்றது. கலிபோர்னியாவில் 1909க்குப் பிறகு அப்படி ஒரு மரணம் அதுவே முதல். அரிதானது, ஆனால் விடியலிலும் அந்தியிலும் தனியே ஓடாதிருப்பது நல்லது. எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. நிமிர்ந்து நின்று, கையை உயர்த்திப் பெரிதாகத் தெரிந்து, சத்தம் போட்டு மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

பாதைகளின் உண்மையான எதிரி தண்ணீர். சரிவில் வெட்டிய பாதையை வெளிப்பக்கம் 100க்கு 5 என்ற அளவில் சாய்த்தே போட வேண்டும். மழைநீர் உடனே குறுக்காக வழிந்து கீழே போகும். பல ஆண்டு நடந்து நடுப்பகுதி பள்ளமானால் வெளி ஓரத்தில் மண் வரம்பு ஒன்று எழும். அப்போது நீர் பாதையோடு நீளவாக்கில் ஓடி வாய்க்காலாக அறுத்துவிடும். அந்த வரம்பைத் தட்டி வெளிச்சாய்வை மீட்பதே பராமரிப்பில் பாதி வேலை. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு விதி. தாண்டினால் நீர் குறுக்கே வழியாமல் பாதையையே பிடித்துக்கொண்டு இறங்கும். மழைக்கு மறுநாள் சேற்றில் நடப்பவரும் மிதிவண்டிக்காரரும் பதிக்கும் தடம், வெயில் வந்ததும் செங்கல் போல இறுகி, அடுத்த மழைக்கு வாய்க்காலாகிறது. இரண்டு நாள் காத்திருப்பது சிறு தியாகம். சந்திக்கும்போது மிதிவண்டி எல்லோருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். குதிரை வந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று, பேச்சுக் கொடுப்பது வழக்கம். அசையாமல் மௌனமாக நிற்கும் உருவத்தைக் கண்டு குதிரை மிரளும்.

பின்விளைவுகள்

பள்ளத்தாக்கு மீண்டதும் கூட்டம் வந்தது. கூடுதுறையில் நெடுஞ்சாலை ஓரமே வாகன நிறுத்தம் என்பதால் கோடை வார இறுதிகளில் வாகனங்கள் வளைவுகள் வரை நிற்கின்றன. மீட்பு வண்டி நுழைய இடமில்லாமல் போவதுதான் இதில் மோசமான விளைவு. 2022 செப்டம்பரில் நடுக்கிளைப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் பிடித்த மஸ்கீட்டோ தீ சுமார் 76,800 ஏக்கரை எரித்தது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பாதையின் ஒரு பகுதியும் அதில் அகப்பட்டது. எரிந்த சரிவுகளின் மண் நீரை உறிஞ்சாது. அதனால் தீக்குப் பிந்திய சில மழைக்காலங்களில் கல்லும் சாம்பலும் பாதைமேல் சரியும். தீ அணைந்ததும் பாதையைத் திறக்க எழும் அவசரத்தை அடக்கி, முதல் மழைக்காலம் முடியும் வரை மூடி வைப்பது சரி. பட்டுப்போன மரங்கள் காற்றில்லாத நாளிலும் விழும்.

மாற்ற வேண்டியவை

பாறையை வெட்டுவதற்கு முன் நிலப்பிளவு ஆய்வு முடிந்திருக்க வேண்டும், அதுவும் கட்டும் துறையைச் சாராதவர்களால். இங்கே சுரங்கம், பாலம், வெட்டு எல்லாம் முடிந்த பிறகு ஆய்வு வந்தது. செலவழித்த பணமே அடுத்த 30 ஆண்டுக்கு அணையைக் கட்டு என்பதற்கான வாதமாகவும் ஆனது.

வேலையை நிறுத்தும் ஆணையிலேயே, இத்தனை ஆண்டுக்குள் மறுபடி தொடங்காவிட்டால் சுரங்கத்தை மூடி ஆற்றைத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கான பணமும் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் 1986இல் மண்ணணை அங்கே நின்றிருக்காது. எங்கள் பார்வையில் இந்த நிகழ்வின் மிகப் பெரிய குறை இதுதான். ஆறுகளில் பாதி கட்டி நிற்கும் எந்தத் திட்டத்துக்கும் இதே நிபந்தனையைக் கேட்கலாம்.

நீருரிமை கேள்வியை எதிர்ப்பாளர்கள் முன்பே எழுப்பியிருக்கலாம். நில அதிர்ச்சி, செலவு, சூழல் எல்லாம் வாதங்களாக நின்றன. உரிமையின் காலக்கெடு ஆவணத்தில் இருந்தது.

கடைசியாக, நிலத்தின் சட்ட நிலை. வடகிளையின் மேல்பகுதியில் 38.3 மைலுக்கு 1978இல் மத்திய அரசின் காட்டாறு, எழிலாறு பாதுகாப்பு கிடைத்தது. அங்கே புதிய அணை கட்ட முடியாது. அந்த எல்லை கோல்ஃபாக்ஸ்–அயோவா ஹில் பாலத்துக்கு 1,000 அடி மேலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே கூடுதுறை வரையிலும், நடுக்கிளையிலும் அந்தக் காப்பு இல்லை. நிலம் இன்றும் அணைக்காக அதை வாங்கிய துறையின் பெயரில்தான் இருக்கிறது, பூங்காத் துறை ஒப்பந்தத்தின்பேரில் பார்த்துக்கொள்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். 1978ஆம் ஆண்டு எல்லையைக் கூடுதுறை வரை கீழே நீட்டுவதும், நடுக்கிளையை அதில் சேர்ப்பதும் இன்னும் செய்து முடிக்காத வேலைகள்.